சீரியல் நம்பர் யார் பேரில்?

கடைகளுக்கு ரௌட்டர், வைஃபை பெட்டி, டேப்லெட் விற்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "பெட்டியப் பிரிங்க, பவர் போடுங்க, நெட் கேபிளச் செருகுங்க. அவ்வளவுதான் சார், மிச்சம் எல்லாம் கிளவுட்லேர்ந்து தன்னால எறங்கிடும்." இதில் பொய் எதுவும் இல்லை. நான் வேலை பார்க்கும் கம்பெனியும் இதைத்தான் விற்கிறது, எனக்குச் சம்பளம் வருவதும் இதில்தான். ஆனால் கொஞ்ச நாளாகவே இந்தப் பாட்டைக் கேட்டால் ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடிவதில்லை: எல்லாம் இறங்கி வருகிறதே, அந்தக் கிளவுட் கணக்கு யார் பேரில் இருக்கிறது? ஒரு மீட்டிங்கில் கேட்டும் விட்டேன். மேனேஜர் தண்ணீர் குடித்தார், பேச்சு விலைக்குப் போய்விட்டது.

நான் கன்சோல் கேபிள் காலத்து ஆள், அதாவது லேப்டாப்பை ஒயரால் நேரே பெட்டியில் செருகி அமைத்த காலம். சிங்கப்பூரில் ஜூரோங் ஈஸ்ட், தெம்பனிஸ், உட்லண்ட்ஸ் என்று எந்தக் கடைத்தொகுதியானாலும் கடைகளை அடைத்த பிறகுதான் எங்களை உள்ளே விடுவார்கள். இரவு பத்தரை மணிக்கு செக்யூரிட்டியிடம் பாஸ் வாங்கி, ஐஸ்கிரீம் ஃபிரீசர் மூடிமேல் லேப்டாப்பை வைத்து, அந்த வெளிர்நீல ஒயரைச் செருகினால், 9600 வேகத்தில் கறுப்புத் திரையில் எழுத்துகள் தவழ்ந்து வரும். கடைக்கு ஒரு ரௌட்டர், ஒரு ஸ்விட்ச், கூரையில் இரண்டு வைஃபை பெட்டி. ஒவ்வொன்றுக்கும் பெயர், ஐபி எனும் நெட்வொர்க் முகவரி, பாஸ்வேர்ட். போன கடையின் ஃபைலைக் காப்பியடித்து ஐபியை மட்டும் மாற்றுவோம். மாற்ற மறந்தவர்களும் உண்டு. மறுநாள் காலையில் இரண்டு கடைகள் ஒரே முகவரிக்கு அடித்துக்கொள்ளும். வெளியே வந்தால் கடைசி எம்ஆர்டி போயிருக்கும். டாக்சிக் காசைக் கம்பெனியிடம் வாங்குவது தனிக்கதை. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர் ஏணி ஏறியிருக்க மாட்டார்.

இப்போது பெட்டி நேரே கடைக்குப் போகிறது. டெலிவரிக்காரர் வைத்துவிட்டுப் போகிறார், கல்லாவில் இருக்கும் அக்கா ஒயரைச் செருகுகிறார். பெட்டி முழித்ததும் கடையின் இணைப்பிடம் ஒரு ஐபி வாங்கிக்கொள்ளும். அடுத்து, தொழிற்சாலையிலேயே அதன் தலையில் எழுதி அனுப்பிய முகவரிக்கு, அதாவது தயாரித்த கம்பெனியின் சர்வருக்கு, 443 என்ற எண்ணுள்ள இணைய வாசல் (போர்ட்) வழியாகப் போய்க் கதவைத் தட்டும். என் சீரியல் நம்பர் இது, நான் போலி இல்லை என்பதற்கு என் சிப்புக்குள் வைத்த சான்றிதழ் இது, நான் யாருடைய ஆள்? அந்தப் பக்கம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இந்த நம்பருக்கு நேரே எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ, அங்கே போ என்று கைகாட்டி விடுவார்கள். அங்கே போனால் வைஃபை பெயரிலிருந்து பாஸ்வேர்ட் வரை அத்தனையும் கிடைக்கும். இந்த யோசனை ஒன்றும் நேற்று வந்ததல்ல. வீட்டு பிராட்பேண்ட் பெட்டியை டெலிகாம் கம்பெனிகள் தூரத்திலிருந்தே திருத்துவதற்கான டிஆர்-069 முறை 2004-லேயே வந்துவிட்டது. ஆப்பிள் 2014-இல் கம்பெனி ஐபேடுகளுக்கு இதைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட்டும் ஆண்ட்ராய்டின் ஜீரோ டச்சும் 2017-இல். நெட்வொர்க் பெட்டிகள் இதைப் பாதுகாப்பாகச் செய்வது எப்படி என்று 2019-இல் ஆர்எஃப்சி 8572 என்ற இணையத் தர ஆவணம் எழுதி வைத்தது. பெயர்கள்தான் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அந்தப் பட்டியல் ஒன்றுதான்.

தொடாமலே எல்லாம் நடந்துவிடும் என்பதும் பாதிதான் உண்மை. கிடங்கில் பல மாதம் கிடந்த சில பெட்டிகளுக்குள் நேரம் காக்கும் பேட்டரி இருக்காது. கரண்ட் கொடுத்ததும் அது 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொண்டு எழுந்திருக்கும். சர்வர் காட்டும் சான்றிதழ் 2020-களில் கொடுக்கப்பட்டது. பெட்டியின் கணக்கில் அது இன்னும் பிறக்கவே இல்லை. இது செல்லாது என்று கதவை மூடிக்கொள்ளும். நேரத்தைச் சரிபார்க்க 123-ஆம் போர்ட் வேண்டும். சில கடைத்தொகுதிகளின் நெட்வொர்க்கில் அதைத்தான் அடைத்து வைத்திருப்பார்கள். கடையிலிருந்து போன் வரும்: "அண்ணே, லைட்டு ஆரஞ்சாவே நிக்குது." மூன்று பேர், இரண்டு நாடு, ஒரு புகார் டிக்கெட். கடைசியில் யாராவது கைபேசி ஹாட்ஸ்பாட்டைத் திறந்து பெட்டியை அதன் வழியாக ஒருமுறை வெளியே விட்டால், நேரம் தெரிந்துகொண்டு சமர்த்தாக வேலை செய்யும். விற்பனைப் படங்களில் இந்த ஆரஞ்சு லைட்டை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் நன்றி மறக்கக் கூடாது. 2020 ஏப்ரல் 7-ஆம் தேதி சர்க்கியூட் பிரேக்கர் என்ற கொரோனா முடக்கம் தொடங்கியபோது, இந்த ஏற்பாடு இல்லாத அலுவலகங்களில் ஐடி ஆட்கள் லேப்டாப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தயார் செய்தார்கள். இருந்த அலுவலகங்களில் லேப்டாப் கடையிலிருந்து நேரே ஊழியரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலுக்குப் போனது. அவர் வீட்டு வைஃபையில் சேர்ந்து, அலுவலக ஈமெயிலைத் தட்டினார், அரை நாளில் வேலைக்கு வந்துவிட்டார். அதைக் கண்ணால் பார்த்தவன், இந்தத் தொழில்நுட்பமே மோசம் என்று எழுத மாட்டான்.

வேலை எங்கே போனது

என்னைக் குடைவது வேறு. இரவு பத்தரை மணி வேலை ஒழிந்துவிட்டது என்கிறார்கள். ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு கடைக் கூரையில் இருந்தது, இப்போது யாரோ ஒருவருடைய எக்செல் ஷீட்டில் இருக்கிறது. எந்த சீரியல் நம்பர் எந்தக் கடைக்கு, எந்தக் கடைக்கு எந்த அமைப்பு என்று அவர் முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்க வேண்டும். அந்தக் கடையை அவர் பார்த்ததே இருக்காது. நம்பரில் ஓ எது, பூஜ்யம் எது என்று தடுமாறினால், பிடோக்குக்குப் போக வேண்டிய அமைப்பு புக்கிட் பாத்தோக்கில் இறங்கும். நாங்கள் ஏணிமேல் செய்த தப்பு ஒரு கடையோடு நின்றது. பட்டியலில் செய்கிற தப்பு பட்டியல் முழுக்கப் போகும்.

தப்புக்கூட வேண்டாம், கெட்ட எண்ணம் உள்ளவன் ஒருவன் உள்ளே புகுந்தால் போதும். 2024 ஆகஸ்ட் 4-ஆம் தேதி நடந்தது பெற்றோர்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். பள்ளிகளில் பிள்ளைகளின் கற்றல் சாதனங்களை நிர்வகிக்கும் வெளிநாட்டுச் செயலி ஒன்றுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள். 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் ஐபேடுகளிலும் குரோம்புக்குகளிலும் இருந்ததெல்லாம் தூரத்திலிருந்தே துடைத்து அழிக்கப்பட்டது. எங்கள் புளோக்கில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு உயிரியல் குறிப்பு முழுக்க அதில்தான் இருந்தது. அவள் அழுத அழுகையில் லிஃப்ட் வரை சத்தம் கேட்டது. கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லாச் சாதனங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. நான் இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. துடைக்கும் அதிகாரம் அந்த ஏற்பாட்டில் இருக்கத்தான் வேண்டும். தொலைந்த ஐபேடை வேறு எப்படிக் காப்பாற்றுவது? ஆனால் அதிகாரம் இருக்கிறது, அது நம் கையில் இல்லை என்பது அன்றைக்குத்தான் பல வீடுகளுக்குத் தெரிந்தது.

தேக்கா கடை

தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் நான் அடிக்கடி சாப்பிடும் கடை. முதலாளிக்கு மொத்தம் மூன்று கடைகள். மேசைக்கு மேசை ஆர்டர் எடுக்க டேப்லெட், கல்லாவில் ஒன்று, கூரையில் வைஃபை. எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தது உபி வட்டாரத்தில் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தில் இருந்த சின்ன கம்பெனி. மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். பிறகு போன் எடுக்கத் தாமதமானது, பிறகு எடுக்கவே இல்லை. அரசின் கம்பெனிப் பதிவுத் தளமான பிஸ்ஃபைலில் தேடினால் கம்பெனியைப் பதிவிலிருந்தே நீக்கியிருந்தார்கள். முதலாளி பதறவில்லை. வேறு ஒரு கம்பெனியோடு பேசினார். அவர்கள், டேப்லெட்டெல்லாம் புதுசாத்தான் இருக்கு, அழிச்சுக் குடுங்க, எங்க ஆப்பைப் போட்டுக்கலாம் என்றார்கள். மத்தியானக் கூட்டம் கலைந்து, இரவுக் கூட்டம் வராத அந்த நாலு மணி இடைவெளியில் என்னைக் கூப்பிட்டார். பிரட்டல் மசாலா அப்பியிருந்த ரப்பர் உறையைக் கழற்றி, ஒரு டேப்லெட்டை அடியோடு அழித்தேன்.

மொழியைக் கேட்டது. வைஃபை கேட்டது, கொடுத்தேன். வட்டம் சுற்றியது. வந்த திரையில் நடுவில் ஒரு சின்ன முத்திரை, அதன் கீழே அந்த மூடிய கம்பெனியின் பெயர், இந்தச் சாதனம் அவர்களுக்குச் சொந்தம், அவர்கள்தான் நிர்வகிக்கிறார்கள் என்று ஒரு வரி. கீழே ஒரே ஒரு பட்டன், அடுத்து என்று. வேண்டாம் என்று சொல்ல இடமே இல்லை. அடுத்து என்று அழுத்தினால், இப்போது இல்லாத சர்வரைத் தேடிப் போகும், கிடைக்காது, மறுபடியும் அழித்துவிட்டு முயலுங்கள் என்று நம்மிடமே திரும்பி வரும். சில டேப்லெட்டுகளில் வைஃபை கொடுக்காமல் தாண்டிப் போக வழி இருக்கிறது. ஆனால் வைஃபை இல்லாத டேப்லெட்டில் ஆர்டரை எழுதி, கழற்றி எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடத்தான் முடியும்.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைக் கிட்டத்தில் பார்த்தார். "தம்பி, காசு குடுத்தது நான். ரசீது உள்ள ஃபைல்ல இருக்கு. இவன் பேரு எதுக்கு வருது?"

"நம்பர் அவங்க பேர்லதாண்ணே பதிவாகியிருக்கு. தயாரிச்சவன்கிட்ட இருக்குற பட்டியல்ல."

"அவன்தான் கடையவே மூடிட்டானே?"

"மூடினாலும் பட்டியல்ல இருக்கும்ணே."

மேசை துடைத்துக்கொண்டிருந்த பையன், அறந்தாங்கிப் பக்கம், இங்கே வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தான். "நம்ம பெர்மிட் மாதிரிதாண்ணே இதுவும். ஆளு இங்க நிக்கிறான், பேரு எந்தக் கம்பெனியில இருக்கோ அங்கதான் வேல." முதலாளி அவனை முறைத்தார், பிறகு அவரே சிரித்துவிட்டார்.

அந்தப் பையன் சொன்னதை நான் ரயிலில் வரும்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு ஊழியரின் வேலை அனுமதியான வொர்க் பெர்மிட் முதலாளி பேரில்தான். ஆனால் பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை மிச்சமிருக்கும் இடைவெளியில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே வேறு முதலாளியிடம் மாற மனிதவள அமைச்சு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. குறுகலான வாசல்தான், ஆனாலும் வாசல். டேப்லெட்டுக்கு அதுவும் இல்லை. பட்டியலில் பெயர் உள்ளவன் விடுவித்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் அவனுக்கு விற்ற மொத்த வியாபாரி மனம் வைக்க வேண்டும். இரண்டு பேரும் கடைக்காரருக்கு எந்த ஒப்பந்தமும் இல்லாதவர்கள். ஒருவர் பதிவிலேயே இல்லை.

இதில் இன்னொன்று. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. ஏமாற்றியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். கணக்கைக் கடையின் பேரில் திறப்பது அவ்வளவு சுலபமில்லை. கம்பெனிச் சாதனங்களைப் பதிவு செய்யும் ஆப்பிளின் பிசினஸ் மேனேஜரில் சேர வேண்டுமென்றால், அப்போது டன்ஸ் நம்பர் என்ற கம்பெனி அடையாள எண் கேட்டார்கள், கம்பெனிப் பெயரில் ஈமெயில் கேட்டார்கள். நம் ஆட்களில் பாதிப் பேருக்குக் கடை ஈமெயில் என்பது மகன் எப்போதோ திறந்து கொடுத்த இலவச ஈமெயில். மூன்று கடைக்கு இட்லி மாவு ஆட்டுகிற மனிதரிடம் போய் இந்தப் படிவத்தையெல்லாம் நீட்டினால், "நீயே பாத்துக்கப்பா" என்பார். அந்தச் சின்ன கம்பெனியும் அப்படியே பார்த்துக்கொண்டது. தன் கணக்கு ஒன்றைத் திறந்து, வாடிக்கையாளர் எல்லாருடைய பெட்டிகளையும் அதற்குள் போட்டது. ஒரே திரை, ஒரே பாஸ்வேர்ட், எல்லாருக்கும் சௌகரியம். டேப்லெட்டை எவனாவது தூக்கிக்கொண்டு போயிருந்தால், இதே பூட்டு அவனுக்கு உதவாமல் அடித்திருக்கும். அன்றைக்கு முதலாளி இதே கம்பெனிக்குப் பிரியாணி அனுப்பியிருப்பார். பூட்டு நல்ல பூட்டு. சாவி யார் இடுப்பில் என்று யாரும் கேட்கவில்லை.

மீட்கிற வேலை ரசீதில் தொடங்கி ரசீதிலேயே மாட்டிக்கொண்டது. ரசீதில் "டேப்லெட், 10" என்று மட்டும் இருந்தது, சீரியல் நம்பர் ஒன்றுகூட இல்லை. அட்டைப்பெட்டிகளில் நம்பர் இருந்திருக்கும், அவை பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக்குப் போய்ப் பல மாதம் ஆயிற்று. டேப்லெட் ஒவ்வொன்றாகத் திருப்பி, முதுகில் இருந்த எறும்பு எழுத்தைக் கைபேசியில் படம் பிடித்து எழுதிக்கொண்டோம். வைஃபை பெட்டிகளில் அந்த ஸ்டிக்கர் கூரையைப் பார்த்து இருக்கும். ஆக, ஏணி ஏறாமல் வேலை நடக்கும் காலத்திலும் ஏணி ஏறினேன். மொத்த வியாபாரியிடம் இருந்த பெண்மணி நல்லவர். வங்கிக் கணக்கு விவரம், ரசீது, கம்பெனி நீக்கப்பட்டதற்கான அத்தாட்சி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, தன் வழியாகப் போன டேப்லெட்டுகளை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மீதி வேறு வழியாக வந்தவை. அவை இன்னமும் அதே திரையைத்தான் காட்டுகின்றன.

வைஃபை கதை வேறு மாதிரி. அவை வேலை செய்துகொண்டுதான் இருந்தன, ஏனென்றால் பழைய கம்பெனி கட்டிய உரிமக் காலம் மிச்சமிருந்தது. கிளவுட்டில் ஓடும் பெட்டிகளில் பல, பெட்டிக்கு ஒரு விலை, அதை உயிரோடு வைத்திருக்க ஒரு விலை என்றுதான் விற்கப்படுகின்றன. சிஸ்கோ மெராக்கியில் எல்லா உரிமங்களும் ஒரே தேதியில் முடியும் முறை ஒன்று உண்டு. அந்தத் தேதிக்குப் பிறகு 30 நாள் அவகாசம், அதற்குள் புதுப்பிக்காவிட்டால் நெட்வொர்க் நின்றுவிடும். இதை ஒளித்து வைக்கவில்லை, எழுதியே வைத்திருக்கிறார்கள். தேக்கா முதலாளியின் பெட்டிகள் வேறு பிராண்டு. அவற்றின் தேதி எந்த நாள் என்று பார்க்கக்கூட யாருக்கும் உள்ளே போக வழியில்லை. நிர்வாகியாக இருந்த ஈமெயில், வேலையை விட்டு ஊர் போய்விட்ட ஓர் ஊழியருடையது. "நிக்கிற வரைக்கும் ஓடட்டும்" என்றார் முதலாளி. பிறகு, சனிக்கிழமை ராத்திரி நின்றால் என்ன ஆகும் என்று அவரே யோசித்து, புதிதாக வாங்கிவிட்டார்.

புதிய கம்பெனியோடு ஒப்பந்தம்

விற்பனைக்காரர் வந்தபோது நானும் உட்கார்ந்திருந்தேன். அதே பாட்டு: நீங்க ஒண்ணுமே தொட வேணாம் சார். முதலாளி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார், "அக்கவுண்டு யார் பேர்ல?" "எங்க பேர்ல சார், நாங்களே மேனேஜ் பண்ணிக்கிறோம்." "அப்ப வேணாம்." விற்பனைக்காரர் போய்த் தன் மேலாளரிடம் பேசிவிட்டு ஒப்புக்கொண்டு வந்தார். கணக்கு கடையின் பேரில், அதில் உள்ளே வந்து வேலை பார்க்க அவர்களுக்கு அனுமதி மட்டும், ஒப்பந்தம் முடிந்தால் அனுமதியைக் கடைக்காரர் எடுத்துவிடலாம். கேட்டால் இது ஒன்றும் நடக்காத காரியமில்லை, பெரும்பாலான ஏற்பாடுகளில் முதல் நாளிலிருந்தே இதற்கு இடம் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. ரசீதில் ஒவ்வொரு பெட்டியின் சீரியல் நம்பரும் வர வேண்டும் என்பதையும் எழுதி வாங்கினோம். அதற்கு அவர்கள் முனகியது, விலை குறைக்கச் சொன்னபோதுகூட முனகாத முனகல்.

டன்ஸ் நம்பர் வாங்கி, கடைப் பெயரில் ஈமெயில் திறந்து, கணக்கு ஆரம்பித்தாயிற்று. இப்போது முதலாளிக்கு வேறு தலைவலி. உள்ளே நுழைய வேண்டுமானால் ஓடிபி அவர் கைபேசிக்குத்தான் வரும். பங்குனியில் குலதெய்வம் கோயிலுக்கு ஊருக்குப் போகிறவர், ரோமிங்கை எப்போதும் அணைத்தே வைப்பார். "அந்த நேரத்துல ஏதாச்சும்னா?" என்று கேட்டேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகளை இரண்டாவது நிர்வாகியாகப் போடச் சொன்னேன். அவளுக்கு எதற்கு இதெல்லாம் என்று அவர் இழுக்க, சமையல்கட்டிலிருந்து அவர் வீட்டு அக்கா குரல் வந்தது: "போடுங்க தம்பி. போனவாட்டி இவுங்க ஊர்ல இருந்தப்ப பேங்க்குலேர்ந்து வந்த நம்பரக் கேக்க நான் யார் யாருக்கோ போன் போட்டேன்." மகளுடைய நம்பரைச் சேர்த்தோம். பழைய டேப்லெட்டுகளில் விடுபடாதவற்றை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை.